தொடாதே

"இன்னும் தெளிவா இல்ல."

"ஆறடி மூணு அங்குலம் சார். ரெண்டு தடவை அளந்துட்டேன்."

"நீ அளந்ததை யாரு கேட்டா? கண்ணு, மூக்கு எல்லாம் நனைஞ்ச காகிதத்துல வரைஞ்ச மாதிரி இருக்கு."

"நான் எழுந்துக்கட்டுமா?" என்றார் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்த நடிகை. அழவேண்டிய காட்சி. கண்ணீர் வந்து, காத்திருந்து, காய்ந்தே போய்விட்டது.

ஒளிப்பதிவாளர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முப்பது வருடத் தொழிலில் இப்படி நேர்ந்ததில்லை. அவருக்குப் பக்கத்தில், லென்ஸை ஒட்டியபடி நின்றாள் அவருடைய உதவியாளரான பெண். கேமராவுக்கும் நடிகருக்கும் உள்ள தூரத்தை அளந்து, லென்ஸைத் திருப்பி, முகத்தைத் தெளிவாக வைத்திருப்பது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக உலகத்தையே அங்குலக் கணக்கில் சொல்லிச் சொல்லி அவளுக்கு 'அங்குலம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. கழுத்தில் ஒரு கயிற்றில் அளவு டேப்பும் இன்னொரு கயிற்றில் மூக்குக்கண்ணாடியும் தொங்கும்.

"லென்ஸுக்குத்தான் என்னவோ ஆயிடுச்சு," என்றார் அவர், யாரோ உறவுக்காரருக்கு உடம்பு சரியில்லை என்பதுபோல.

உறவுதான். முதல் படத்தின் சம்பளத்தில் வாங்கிய லென்ஸ் அது. அதற்கு 'மூத்தவள்' என்று பெயர் வைத்திருந்தார். வீட்டில் பிறந்த மகள் சின்னவள். மூத்தவளுக்கு வெல்வெட் பெட்டி. பெட்டியின் மேல் 'தொடாதே' என்று அவர் கையால் எழுதிய சீட்டு. கேமரா நிற்கும் முக்காலியில் ஒரு 'தொடாதே', தூசி தட்டும் பிரஷ்ஷில் ஒன்று, கண் வைத்துப் பார்க்கும் குழாயின் வளையத்தில் ஒன்று, அவர் உட்காரும் ஸ்டூலில் ஒன்று. யாரும் தொடமாட்டார்கள். அங்குலம் மட்டும் தினமும் காலையில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கேமராவைக் கைக்குட்டையால் துடைப்பாள்.

"என்ன, மந்திரம் போடறியா?" என்று கேட்பார்.

"ஆமா சார். உங்களுக்கு நல்ல புத்தி வரணும்னு."

இன்றைக்கு மந்திரம் பலிக்கவில்லை. லென்ஸை ஊதினார், துடைத்தார். அதே மங்கல். வேறு லென்ஸ் மாட்டினார். அதுவும் மங்கல். புகைதான் காரணம் என்று புகை இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார்.

"சார், இது கனவுக் காட்சி. புகை இல்லாம எப்படி?" என்றார் டைரக்டர்.

"கனவுன்னா மூஞ்சி தெரியக்கூடாதா?"

ஜன்னல்களைத் திறந்தார்கள். காற்று வந்தது. புகை போனது. கூடவே திரைச்சீலை பறந்து விளக்கில் மாட்டிக்கொள்ள, நடிகையின் கொண்டை சரிந்து தோளில் விழுந்தது. அன்றைய வேலை அதோடு முடிந்தது.

"திங்கட்கிழமை ஒரு நாள்தான் அவங்க தேதி இருக்கு," என்றார் டைரக்டர். "அன்னிக்கு எடுக்கலைன்னா இந்தக் காட்சியே கிடையாது சார்."

ஃபிலிம் கழுவி வர ஒரு வாரமாகும். அதுவரை அவர் கண்தான் சாட்சி.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் மூத்தவளைப் பிரித்துப் போட்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?" என்றாள் மனைவி.

"இவளுக்குக் கண்ணுல புரை விழுந்த மாதிரி இருக்கு."

"சின்னவ போன மாசம் காய்ச்சல்ல கிடந்தப்போ இந்த அக்கறை எங்க போச்சாம்?"

சாசரில் பன்னிரண்டு திருகாணிகள். திரும்ப மாட்டும்போது பதினொன்று. மேஜைக்கடியில் மண்டியிட்டுத் தரையைத் தடவினார்.

"உங்க கட்டைவிரலுக்குப் பக்கத்துல இருக்கு பாருங்க."

"வெளிச்சம் பத்தல."

"கேமராமேன் வீட்டுல வெளிச்சம் பத்தலையாம்!" என்று சிரித்தபடி குனிந்து எடுத்துக் கொடுத்தாள். கண்ணாடிகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதுதான் இப்போது அவருக்கு மறந்துபோயிருந்தது. எல்லாவற்றையும் ஒரு துண்டில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு லென்ஸ் ரிப்பேர்க்காரரிடம் ஓடினார்.

ரிப்பேர்க்காரர் மூட்டையை அவிழ்த்து, ஒவ்வொரு கண்ணாடியாக எடுத்துப் பார்த்தார்.

"யார் திறந்தது?"

"தெரியல."

"அந்தத் தெரியாதவரோட கைரேகை உள்ள அப்பியிருக்கு."

ஒரு மணி நேரத்தில் மூத்தவள் முழுசாகத் திரும்பி வந்தாள். ரிப்பேர்க்காரர் அவளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். கண்ணாடி, மழை பெய்து ஓய்ந்த காலை மாதிரி இருந்தது.

"இவகிட்ட ஒரு குறையும் இல்ல. படம் தெளிவா வரலைன்னா லென்ஸ் மேல தப்பில்ல சார். அதைத் திருப்பற கை மேலதான்."

நல்ல செய்தியைக் கேட்கத்தான் போனார். கேட்டதும் மூத்தவளை வாங்கிக்கொள்ளக்கூட மறந்து வாசல்வரை போய்விட்டார்.

திருப்புகிற கை அங்குலத்துடையது. ஆற்றில் படகு ஆடியபோதும் ஆடாத கை. தன் கல்யாணத்துக்கு மூன்றே நாள் லீவு எடுத்தவள். அவளிடம் எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தார். 'வயசாகுது இல்லையா', 'எல்லாருக்கும் ஒரு கட்டத்துல'. எந்த வாக்கியமும் பாதியைத் தாண்டவில்லை.

திங்கட்கிழமை அவர் போனபோது அரங்கில் அவள் மட்டும் இருந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் கைக்குட்டையோடு.

"அங்குலம், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நானும் ஒண்ணு சொல்லணும் சார்."

"நான் முதல்ல சொல்லிடறேன். இல்லேன்னா சொல்லமாட்டேன். நீ கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கோ. வயசாகும்போது யாருக்கா இருந்தாலும் கண்ணு, கை..."

அவள் கோபப்படவில்லை. கண் வைத்துப் பார்க்கும் குழாயைக் காட்டினாள்.

"இந்தச் சீட்டைப் படிங்க சார்."

குனிந்தார். பிறகு தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "தொடாதே. நான் எழுதினது."

"நீங்க எழுதினது கிழிஞ்சு எட்டு வருஷம் ஆச்சு. இது நான் எழுதினது. உங்க கையெழுத்து மாதிரியே."

"ஏன் கிழிஞ்சது?"

"பாக்கிறவங்க கண்ணுக்குத் தகுந்த மாதிரி வைக்கத்தானே சார் இந்த வளையம்? உங்க கண்ணுக்காக நான் திருப்பும்போதெல்லாம் சீட்டு கிழியும். புதுசா எழுதி ஒட்டிடுவேன். இது ஒன்பதாவது." கைக்குட்டையை மடித்தாள். "போன வாரத்தோட வளையம் கடைசி வரைக்கும் வந்துடுச்சு. இனிமே திருப்ப இடமில்ல."

வெளியே நடிகையின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அங்குலம் தன் கழுத்துக் கயிற்றைக் கழற்றி, மூக்குக்கண்ணாடியை அதே கைக்குட்டையால் துடைத்து நீட்டினாள்.

"அவங்க உள்ள வர்றதுக்குள்ள இதை ஒரே ஒரு தடவை போட்டுப் பாருங்களேன் சார்?"