கைவிரித்தது டாக்டர் இல்லை, ரயன்

உலு திராம்

அன்புள்ள மரியநாதன் அத்தானுக்கு,

மரியே வாழ்க. நீங்கள் லாபிஸில் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறீர்கள் என்பதை இம்முறை நன்றாக விசாரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். என் நம்பரை நீங்கள் பிளாக் செய்துவிட்டதால் இந்தக் கடிதம்.

அத்தான், நடந்தது இதுதான், பள்ளியில் என் மகனுக்குக் கஸ்தூரி டீச்சர் அரைகுறை வாக்கியங்களை முடிக்கவும் நீளமாக ஓடும் வாக்கியங்களை வெட்டவும் சொல்லிக்கொடுத்திருக்கிறார், ரயனும் கண்ணில் பட்டதையெல்லாம் திருத்திக்கொண்டிருந்தான், அந்த நேரம் பார்த்து டொரத்தி அக்கா குடும்ப குரூப்பில் "அத்தான ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம் டாக்டர் பாத்துட்டு" என்று போட்டதோடு அவர் போனில் பேட்டரி செத்துவிட்டது, என் போன் இவன் கையில் இருந்தது, போன வாரம்தான் மரபுத்தொடர் படித்தானாம், "கைவிரித்துவிட்டார்" என்று முடித்துவிட்டான். டாக்டர் உங்கள் காதில் அழுக்கெடுத்து அனுப்பியது எங்களுக்கு எப்படித் தெரியும்? சிம்பாங் ரெங்கத்திலிருந்து எவ்லின் சித்தி மாலையோடு வந்ததும், கேட்டை நீங்களே திறந்ததும், சித்தி அங்கேயே மயங்கி விழுந்ததும் எல்லாம் எங்களால்தான், ஒத்துக்கொள்கிறேன்.

அதற்காக, ரயன் முதல்முறையாக நற்கருணை வாங்கும் நாளுக்குக் கூப்பிட்டால், "நான்தான் போய்ச் சேந்துட்டேனே, புதுநன்மைக்கு எப்படிடா வருவேன்?" என்று கேட்டுவிட்டீர்களே! நீங்கள் அவனுடைய ஞானத்தகப்பன். மாமா வராமல் நற்கருணை வாங்க மாட்டேன் என்று அவன் அழுகிறான், அவன் அம்மா ஜோஆன் என்னோடு பேசுவதில்லை, எனக்குச் சோறு இறங்கவில்லை அத்தான், நீங்கள் வரவே வேண்டாம் என்று நாங்கள் கனவில்கூட நினைத்ததில்லை.

அக்காவுக்கு என் அன்பு. மாதா உங்கள் காதுகளையும் கோபத்தையும் கவனித்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
பிரெட்ரிக்

பின்குறிப்பு: உறை வாங்கக் கடைக்குப் போய் வருவதற்குள் ரயன் இந்தக் கடிதத்தைத் திருத்தி, ஜோஆன் போனிலிருந்து உங்களுக்கு அனுப்பிவிட்டான். "ஒரே மூச்சா ஓடுதுப்பா. 'நீங்கள் வரவே வேண்டாம்'கிறதோட வாக்கியம் முடிஞ்சிருச்சு லா. அங்க முற்றுப்புள்ளி வெச்சுட்டேன். மிச்சம் அரைகுறை, அடிச்சுட்டேன்" என்கிறான். அத்தான், அதை நம்பாதீர்கள்! இப்போதுதான் அக்கா போன் செய்தார். "டேய் தம்பி, உங்க அத்தான் அதப் படிச்சுட்டு, புதுநன்மைக்கு வாங்குன பாத்திக் சட்டைய எடுத்து..." அதோடு லைன் கட்.

எடுத்து என்ன செய்தீர்கள்? தயவுசெய்து நீங்களே முடித்து அனுப்புங்கள். இங்கே ரயன் பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கிறான்.