அம்மனுக்குச் சேலை மாத்தின முப்பது செகண்டு

போன செவ்வாக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். எங்க காலண்டர் கம்பெனிக்கு முப்பது செகண்டுல ஒரு வீடியோ எடுத்துப் போடணும்.

கம்பெனின்னதும் பெரிசா நினைச்சுராதீங்க. சிவகாசியில ரெண்டு மெஷினும் ஒரு சீலிங் ஃபேனும் இருந்தா அது கம்பெனிதான். மெஷினை எங்க வீட்டுக்காரர் பாத்துக்கிறாரு. ஆர்டர் பிடிக்கிறது நான். கம்ப்யூட்டர்ல படம் டிசைன் பண்றது மாரீஸ்வரி. பதினஞ்சு வருஷமா எங்ககூட இருக்கா. கரப்பான் பூச்சி, இடி, கரண்டு எல்லாத்துக்கும் பயப்படுவா. என் ஒருத்திக்குத்தான் பயப்பட மாட்டா.

வீடியோ ஆசை எனக்கு ஒரு ஆன்லைன் கிளாஸ்ல வந்து ஒட்டிக்கிச்சு. தொழிலை வீடியோ போட்டு வளர்க்கிறது எப்படின்னு ஒரு பொண்ணு மூணு நாள் பாடம் நடத்துச்சு.

"மேடம், ஜனங்களுக்கு விளம்பரம் பிடிக்காது. உண்மைதான் பிடிக்கும். உங்க தொழில் ரகசியம் ஒண்ணை எடுத்து விடுங்க. அப்புறம் பாருங்க, ஃபோன் அடிச்சுக்கிட்டே இருக்கும்!"

அதை அப்படியே நோட்டுல எழுதி, சிவப்பு மையில கோடும் போட்டு வச்சேன். பள்ளிக்கூடத்துல கூட நான் அப்படிப் படிச்சதில்ல.

இப்ப எங்க தொழிலைப் பத்தி ஒரு விஷயம் சொல்லியாகணும். ஆடிப் பதினெட்டு அன்னைக்கு அடுத்த வருஷ காலண்டர் ஆல்பத்தைப் பிரிப்போம். கடைக்காரங்க வந்து சாமி படத்தைப் பாத்து எடுப்பாங்க. படத்துக்கு அடியில அவங்க கடைப் பேரை அடிச்சுக் குடுப்போம். இதுல எழுதி வைக்காத சட்டம் ஒண்ணு உண்டு. ஒரு ஊர்ல ஒரு கடைக்குக் குடுத்த படத்தை, அதே ஊர்ல இன்னொரு கடைக்குக் குடுக்கக் கூடாது.

சாத்தூர்ல எதிரெதிரே ரெண்டு சேவுக்கடை. மேலக்கடை அண்ணனுது, கீழக்கடை தம்பியோடது. கூடப்பிறந்தவங்க. பாகம் பிரிஞ்சதுல இருந்து ஆறு வருஷமா ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்கிறதில்ல. எங்க சீசனே இந்த ரெண்டு கடை ஆர்டரை நம்பித்தான் ஓடுது.

ரெண்டு அண்ணாச்சியும் தனித்தனியா வந்தாங்க. ரெண்டு பேருமே இருக்கன்குடி அம்மன் படத்துமேல விரலை வச்சாங்க. ரெண்டு பேருமே என்கிட்ட ஒரே சத்தியம் வாங்கினாங்க.

"இந்தப் படம் எதிர்க்கடைக்குப் போகப்படாதும்மா."

"போகவே போகாது அண்ணாச்சி!"

நான் சத்தியத்தை மீறல. மேலக்கடை அம்மனுக்குச் சிவப்புச் சேலை, பின்னால கோபுரம். கீழக்கடை அம்மனுக்குப் பச்சைச் சேலை, பின்னால வேப்பமரம். ஆக, வேற வேற படம். இப்படித்தான் நான் ராத்திரி நிம்மதியாத் தூங்கினேன்.

ரெண்டு லோடும் அடிச்சு முடிச்சு, கட்டுக் கட்டா ஆபீஸ் சுவரோரம் நின்னுச்சு. வெள்ளிக்கிழமை வண்டியில ஏத்தணும். திரும்பி வந்தா தீர்ந்தோம். கடைப் பேரு போட்டதை வேற யாருக்கும் விக்க முடியாது. பழைய பேப்பர்னு எடைக்கும் போட முடியாது. இருக்கன்குடி ஆத்தா படத்தை எடைக்குப் போடுற துணிச்சல் இந்த ஜில்லாவுல எவனுக்கும் கிடையாது.

சரி, வீடியோவுக்கு வருவோம்.

ஃபோனை நிறுத்த ஸ்டாண்டு இல்ல. மேஜை மேல டைரிக் கட்டு, அது மேல டிபன் பாக்ஸ், அது மேல ஃபோனைச் சாச்சு வச்சேன். பவுடர் போட்டேன். பத்தலைன்னு இன்னொரு தடவை போட்டேன்.

"ஹாய் ஃப்ரெண்ட்ஸ்!"

மெஷின் சத்தத்துல என் குரலே கேக்கல. போயி மெஷினை நிப்பாட்டச் சொன்னேன்.

எங்க வீட்டுக்காரர் என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. "என் மாமனாரு செத்த அன்னைக்குக் கூட இந்த மெஷினு மத்தியானம் வரைக்கும் ஓடுச்சு."

செத்தது எங்கப்பா. இருந்தாலும் நிப்பாட்டினாரு.

"ஹாய் ஃப்ரெண்ட்ஸ்!"

கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, கையில டீ கிளாஸோட பின்னாலயே வந்து நின்னாரு. "யாரைக் கூப்பிடுதே? இங்கன ஒரு ஈ காக்கா இல்லையே!"

மூணாவது தடவை கரண்டு போச்சு. நாலாவது தடவை டிபன் பாக்ஸ் வழுக்கி, ஃபோன் என் மடியில வந்து விழுந்துச்சு. அந்த வீடியோவுல என் மூக்குத் துவாரம் மட்டும் ரொம்பத் தெளிவா இருக்கு.

"அக்கா, பேசாம மெஷின் ஓடுறதை எடுத்துப் போடுங்க" அப்படின்னா மாரீஸ்வரி.

"அதைத்தான் ஊரே போடுதே! நமக்கு ரகசியம் வேணும். ஏ மாரி, அந்தச் சேலை மாத்துற வித்தையைக் காட்டேன்."

அவ மவுஸ்ல இருந்து கையை எடுத்துட்டா. "அதையா அக்கா?"

"ஏன், அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. உங்க இஷ்டம்."

இந்த 'உங்க இஷ்டம்'ங்கிற வார்த்தையை இதுக்கு முன்னால அவ பதினஞ்சு வருஷத்துல மூணு தடவைதான் சொல்லியிருக்கா. மூணு தடவையும் நஷ்டம். எனக்கு அது அப்ப உறைக்கல.

எடுத்தோம். அஞ்சாவது டேக், ஒரே மூச்சுல ஓகே!

"பாருங்க ஃப்ரெண்ட்ஸ்! ஒரே அம்மன், ஒரே கிளிக்! இப்ப சிவப்புச் சேலை... இப்ப பச்சைச் சேலை! பின்னால கோபுரம்... இப்ப வேப்பமரம்! படம் என்னமோ ஒண்ணுதான். ஆனா வாங்குறவங்களுக்குத் தெரியவே தெரியாது!"

சொல்லிட்டுக் கண்ணடிச்சேன்.

அது கிளாஸ்ல சொல்லிக் குடுத்ததில்ல. என் சொந்தச் சரக்கு.

எனக்குப் பின்னால சுவரோரம் ரெண்டு கட்டு. ஒண்ணு சிவப்பு, ஒண்ணு பச்சை. அடியில ரெண்டு கடைப் பேரும் கொட்டை எழுத்துல. நான் பாத்தது என் பவுடரை மட்டும்தான்.

வீடியோவைப் போட்டு ஒரு மணி நேரமாச்சு. பாத்தது பதினாலு பேரு. அதுல எட்டு நான்.

அப்ப ஃபோன் ஒரு கேள்வி கேட்டுச்சு. கொஞ்சம் காசு கட்டினா நிறையப் பேருக்குக் காட்டுறேன், எந்த ஊர்க்காரங்களுக்குக் காட்டட்டும்னு. நமக்குப் பெரிய வாடிக்கை எந்த ஊர்ல இருக்குன்னு ஒரு நிமிஷம் ஆழமா யோசிச்சேன். சாத்தூர்னு போட்டேன்.

குழியையும் நானே வெட்டி, அதுக்குக் கட்டணமும் நானே கட்டினேன்.

சாயங்காலத்துக்குள்ள நூறு ஆச்சு, ஆயிரம் ஆச்சு, அதுக்கு மேலயும் ஏறுச்சு. சந்தோஷத்துல வீட்டுல கேசரி கிண்டினேன். கமெண்ட் ஒவ்வொண்ணுக்கும் ஹார்ட்டு போட்டேன். 'அக்கா, பின்னாடி இருக்கிறது மேலக்கடையும் கீழக்கடையுமா? செத்தீங்க!'ன்னு ஒருத்தர் போட்டிருந்தாரு. படிக்காமலே அதுக்கும் ஒரு ஹார்ட்டு.

மறுநாள் காலையில மேலக்கடை அண்ணாச்சி ஃபோன் பண்ணினாரு.

"உன் வீடியோ பாத்தேம்மா."

"அப்படியா அண்ணாச்சி! எப்படி இருந்துச்சு?"

"அம்மன் நல்லா இருக்கா. எதிர்க்கடையிலயும் நல்லாத்தான் இருப்பா போல." இன்னும் ஒண்ணு சொல்லிட்டு டக்குன்னு வச்சுட்டாரு.

மிச்சக் கேசரித் தட்டைத் தள்ளி வச்சேன்.

அடுத்த நிமிஷம் கீழக்கடை. "ஏம்மா, அவருக்குச் செவப்பு, எனக்குப் பச்சையா? அவரு வேண்டாம்னு கழிச்சதையா என் தலையில கட்டுனீக?"

ரெண்டு பேரும் கடைசியாச் சொன்னது ஒண்ணுதான். லோடு ஏத்தாதீக!

வீடியோவை உடனே அழிச்சேன். என்ன பிரயோசனம்? அதுக்குள்ள அது சாத்தூர் வாட்ஸப் குரூப் பூராவும் சுத்திருச்சு. நான் கண்ணடிக்கிற இடத்தை மட்டும் எவரோ வெட்டி, மெதுவா ஓட விட்டு, பாட்டும் போட்டிருந்தாங்க.

எங்க வீட்டுக்காரர் திட்டல. திட்டியிருந்தாக் கூடத் தேவலாம். சுவரோரம் நின்ன கட்டுகளைத் தடவிக் குடுத்துக்கிட்டே நின்னாரு. அதைப் பாத்ததும் எனக்கு அழுகையே வந்துருச்சு.

பதினோரு மணிக்கு ரெண்டு அண்ணாச்சியும் நேர்லயே வந்துட்டாங்க. ஒருத்தர் பஸ்ல, ஒருத்தர் பைக்ல. வாசலுக்கு ஒரே நேரத்துல வந்து நின்னாங்க. எதிராளிக்குப் பின்னால உள்ள நுழைய ரெண்டு பேருக்கும் மனசில்ல. எங்க வீட்டுக்காரர் ஓடிப்போய்க் கதவோட ரெண்டு பக்கத்தையும் தொறந்து விட்டாரு. இருபது வருஷ கல்யாண வாழ்க்கையில அவரு பண்ணின புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

பெஞ்சோட ரெண்டு முனையில ரெண்டு பேரு. நடுவுல நான் நின்னேன்.

"அவரை வேற படம் எடுத்துக்கச் சொல்லும்மா."

"ஏன், அவரை எடுத்துக்கச் சொல்லுங்க!"

ஒரு மூணடி பெஞ்சுல, ரெண்டு பேரு பேச்சையும் நான்தான் அங்கிட்டும் இங்கிட்டும் சுமந்தேன்.

திடீர்னு மேலக்கடை அண்ணாச்சி பச்சைக் காலண்டரை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்துல வச்சுப் பாத்தாரு. "இதுல அம்மன் மொகம் பெரிசா இருக்கே?"

"அதெல்லாம் இல்லம்மா, அந்தச் செவப்புலதான் சூலாயுதம் ஒசரமா இருக்கு!" அப்படின்னாரு கீழக்கடை அண்ணாச்சி.

மாரீஸ்வரி ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக்கிட்டு வந்தா.

முகத்தை அளந்தா. சூலாயுதத்தை அளந்தா. மூக்குத்தியை அளந்தா. கடைப் பேரு எழுத்தோட உசரத்தை அளந்தா. கழுத்து மாலையில இருந்த எலுமிச்சம்பழத்தை, ரெண்டு அண்ணாச்சியும் விரல் வச்சுச் சத்தமா எண்ணினாங்க. அங்கிட்டும் இருபத்தொண்ணு, இங்கிட்டும் இருபத்தொண்ணு!

மேலக்கடை அண்ணாச்சி பச்சைக் காலண்டரைப் பெஞ்சு மேல வச்சாரு.

"ஒண்ணுபோலத்தான் இருக்கு" அப்படின்னாரு பெரியவரு.

"ஆமாண்ணே" அப்படின்னாரு சின்னவரு.

ஆறு வருஷம் கழிச்சு ஒருத்தருக்கொருத்தர் பேசின முதல் வார்த்தை! என் கை தானா ஃபோனுக்குப் போச்சு. இது மட்டும் வீடியோவாப் போனா எங்கேயோ போயிரும்! எங்க வீட்டுக்காரர் என் மணிக்கட்டைப் பிடிச்சாரு பாருங்க, இன்னைக்கும் வலிக்குது.

"தப்பு என்மேலதான் அண்ணாச்சி. ரெண்டு பேருக்கும் சத்தியம் பண்ணிட்டு, சேலையை மாத்தி ஏமாத்தினேன்" அப்படின்னு சொல்லிட்டேன். வெக்கமாத்தான் இருந்துச்சு.

"ஒண்ணுபோல இருந்தா இருந்துட்டுப் போகுது" அப்படின்னாரு பெரியவரு. "அவனுக்கு ஒசத்தியாக் குடுத்துட்டியோன்னுதான் எனக்குச் சோறு எறங்கல."

"எனக்குந்தான்" அப்படின்னாரு சின்னவரு.

அதுக்கப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டினாங்க. அண்ணன் மூச்சு வாங்க நிப்பாட்டினா, தம்பி விட்ட இடத்துல இருந்து ஆரம்பிச்சாரு. என்ன ஒத்துமை!

கடைசியில ஒரு நிபந்தனையோட லோடு எடுத்துக்கச் சம்மதிச்சாங்க. ஒரே வண்டியில வரணும். நடு ரோட்டுல நிக்கணும். மேல பக்கம் ஒரு கட்டு இறக்கினா, கீழ பக்கம் ஒரு கட்டு இறக்கணும். வெள்ளிக்கிழமை அப்படியே இறக்கினோம். பின்னால மூணு பஸ்ஸு நின்னு ஹாரன் அடிச்சதெல்லாம் தனிக் கதை.

அப்பாடான்னு வீட்டுக்கு வந்து உக்காந்தேன். ஃபோன் அடிச்சுச்சு. விருதுநகர் நகைக்கடை அண்ணாச்சி.

"ஏம்மா, என் முருகனுக்கு நீலப் பட்டு. எங்க ஊர்ல எந்தக் கடை முருகனுக்கு மஞ்சப் பட்டு கட்டி விட்டிருக்கீக?"

அவரை ஒரு வழியாச் சமாளிச்சு வச்சா, அருப்புக்கோட்டை ஜவுளிக்கடை. அவருக்குப் பிள்ளையார் உக்காந்திருக்கிற தாமரை மேல சந்தேகம்.

கிளாஸ் எடுத்த பொண்ணு சொன்னது அத்தனையும் நிஜம். உண்மையைச் சொன்னதுல இருந்து ஃபோன் அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுக்கத்தான் ஆளில்ல.