இருபத்தேழு பாடத்தாள்கள்

முப்பதே நாளில் குருவாகிவிடுவது என்று முடிவு செய்தேன். சாதாரண குரு இல்லை, ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற குரு. அதற்கான புத்தகங்களைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் அடுக்கியபோது மேஜையின் ஒரு கால் முனகியது. மனைவி வந்து பார்த்தாள். இனிமேல் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்று மட்டும் கேட்டாள். லட்சியத்தோடு கிளம்புகிறவனுக்கு வீட்டில் கிடைக்கிற மரியாதை அவ்வளவுதான்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பதினான்கு வருடமாகக் கரைக்கும், நடுக்கடலில் நிற்கிற எண்ணெய்க் கிணற்று மேடைக்கும் நடுவே ஆட்களை ஏற்றி இறக்குகிறேன். மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில். காற்று, மூடுபனி எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மனைவிக்கும் ஓட்டுகிற தொழில்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பதினோரு வருடமாக ஆசிரியை. கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில், தனக்கென்று தனி பிரேக்கோடு உட்கார்ந்து ஊரைச் சுற்றி வருவாள். தரையில் உருளுவதெல்லாம் ஒரு தொழிலா என்று ஒருநாள் வாய் தவறி அவளிடமே கேட்டுவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். நான் அன்றைக்கே பயந்திருக்க வேண்டும்.

ஊருக்கு வெளியே இருக்கும் பறக்கும் பள்ளியில் ஒரே ஒரு பயிற்சியாளர் இடம் காலி. அது கிடைத்தால் காலையில் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். பதினான்கு வருடமாக அவள் பெரும்பாலும் தனியாகத்தான் சாப்பிடுகிறாள். நானும் கடல் மேடையில் யார் யாருடனோ உட்கார்ந்து சாப்பிட்டுச் சலித்துவிட்டேன். போதும், வீட்டுக்கு வந்துவிடலாம் என்று ஆசை வந்துவிட்டது.

ஆசையோடு நிறுத்தியிருக்கலாம். புத்தகம் வாங்கின அன்று காலையிலேயே பழைய வேலையை விடுகிறேன் என்று கடிதம் கொடுத்துவிட்டேன். வீட்டில் மூச்சு விடவில்லை. படிப்பு விடுமுறை என்று சொல்லி அவள் காதில் பூச்சுற்றினேன். தேறிவிட்டு, சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு பழைய வேலையை விட்டதையும் புது வேலை கிடைத்ததையும் ஒன்றாகச் சொல்வதாகத் திட்டம். தேறாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் திட்டம் எதுவும் இல்லை.

புத்தகத்தைத் திறந்தேன். ஹெலிகாப்டரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. முதல் நூற்றைம்பது பக்கமும் மாணவனின் மனசு. அவன் எப்போது பயப்படுவான், எப்போது சலித்துக்கொள்வான், புரியாமலே தலையாட்டுகிறவனை எப்படிக் கண்டுபிடிப்பது, இதே பாட்டு. எனக்கு எரிச்சலாக வந்தது. நான் என்ன அவனுக்குப் பெண் கொடுக்கப் போகிறேனா? அந்தப் பக்கங்களை அப்படியே புரட்டிவிட்டு ஐந்து நாளில் மிச்சத்தைக் கரைத்துக் குடித்தேன்.

ஆறாம் நாள் பாடத்தாள் என்று ஒரு பூதம் கிளம்பியது. இயந்திரத்தைக் கிளப்புவதிலிருந்து இயந்திரம் நின்றுபோனால் இறக்குவது வரை மொத்தம் இருபத்தேழு பாடம். ஒவ்வொன்றுக்கும் கட்டம் போட்டு அச்சடித்த ஒரு தாள். பாடத்தின் நோக்கம் என்ன, நான் என்ன சொல்வேன், மாணவன் என்ன செய்வான், எங்கே தப்பு பண்ணுவான், எல்லாவற்றையும் சொந்தமாக எழுதித் தேர்வன்று நீட்ட வேண்டும். நான் கடைசியாக ஒரு பக்கத்துக்கு மேல் எழுதியது அந்த ராஜினாமாக் கடிதம்தான்.

அதோடு ஒன்றுமே தெரியாத ஆள் ஒருவருக்குப் பாடம் நடத்திப் பழகு என்று வேறு போட்டிருந்தது. வீட்டில் ஹெலிகாப்டர் பற்றி ஒன்றும் தெரியாதவள் ஒருத்திதானே இருக்கிறாள். கூப்பிட்டேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கால்களுக்கு நடுவே துடைப்பக் கட்டையைக் கொடுத்தேன். அது திசைக்கான குச்சி. இடது கையில் நீளக் கரண்டி. அதைத் தூக்கினால் வண்டி ஏறும், தாழ்த்தினால் இறங்கும். காலுக்கு என் செருப்பு இரண்டும், மூக்கைத் திருப்புகிற மிதிகள். அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்கிற பாடத்தை ஆரம்பித்தேன். வெளுத்து வாங்கினேன் என்றுதான் நினைத்தேன். குச்சியை லேசாகப் பிடி, கரண்டியைக் கவனி, காலை விட்டுவிடாதே, உயரத்தைப் பார், காற்றைப் பார், கருவிகளைப் பார், இறுக்காதே, தளர்த்தாதே.

"எதைப் பாக்கணும்?" என்றாள்.

"எல்லாத்தையும்தான்."

"எனக்கு ரெண்டு கண்ணுதாங்க இருக்கு."

குச்சியை ஆட்டினாள். நிஜ ஹெலிகாப்டராக இருந்தால் எதிர் வீட்டு மாடியில் இறங்கியிருப்போம். கொஞ்சமாக ஆட்டச் சொன்னேனே என்று கத்தினேன். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டாள். கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான் என்றேன். அவள் கரண்டியை மடியில் வைத்துவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தாள்.

"ஒரே மூச்சுல எட்டு விஷயம் சொன்னீங்க. என் வண்டியில நான் இப்படிச் சொல்லிக்கொடுத்தா, பிள்ளைங்க முதல் நாளே கம்பத்துல ஏத்திடுவாங்க."

எனக்குச் சுருக்கென்றது. அவ்வளவு தெரிந்தால் நீயே நடத்து என்று நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அவள் புத்தகத்தில் அந்தப் பாடத்தை ஒரு தடவை படித்தாள். கரண்டியையும் செருப்புகளையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஜன்னல் வழியாகத் தெரிந்த தண்ணீர்த் தொட்டியைக் காட்டினாள்.

"அதை மட்டும் பாருங்க. கையில குச்சி மட்டும். மத்ததெல்லாம் என்கிட்ட இருக்கு, பயப்படாதீங்க. கை நகரவே வேண்டாம், நகர்த்தணும்னு நினைச்சா போதும்."

பதினான்கு வருடம் ஓட்டியவன் சொல்கிறேன், அது நூற்றுக்கு நூறு சரி. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுமல்லாமல் என் மூளை ஒரு கணக்குப் போட்டது. அங்கேதான் சனி பிடித்தது.

இவளை வைத்தே இருபத்தேழு தாளையும் எழுதி வாங்கிவிட்டால் என்ன? என் கையெழுத்து தேர்வாளருக்குப் புரியாது, நான் சொல்லச் சொல்ல நீ அழகாக எழுதிக் கொடு என்று கேட்டேன். தட்டாமல் ஒப்புக்கொண்டாள். முதல் தாளுக்கு நான் சொன்னேன், அவள் எழுதினாள். இரண்டாவதில் நான் சொன்னதை அடித்துத் திருத்தினாள். மூன்றாவதிலிருந்து நான் பேச வேண்டிய அவசியமே வரவில்லை. இயந்திரம் என்ன செய்யும் என்று கேட்பாள், சொல்வேன். அதை மாணவனுக்கு எப்படிச் சொல்வது என்பது அவள் பாடு. சாயங்காலம் வேலை முடிந்து வந்து நாளுக்கு இரண்டு தாள் எழுதினாள். நான் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, பதினோரு வருட அனுபவத்தை ஒரு வார்த்தை நன்றி இல்லாமல் கறந்துகொண்டிருக்கிறேனே என்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். முடித்த தாள்களை அடுக்கி உறையில் போட்டுக் கொடுத்தாள். பிரித்துப் பார்க்க எனக்குச் சோம்பல்.

இருபத்தெட்டாம் நாள் தேர்வு. பறக்கும் பள்ளியின் தலைமைப் பயிற்சியாளர், நரைத்த மீசை, சிரிக்கத் தெரியாத முகம். முதலில் பறந்து காட்டச் சொன்னார். அந்தரத்தில் ஆணி அடித்த மாதிரி நிறுத்தினேன். இறங்கியதும் தாள்களை வாங்கிப் படிக்க ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, ஐந்து. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். முப்பது வருடத்தில் இப்படி ஒரு பாடத்தாளைப் பார்த்ததில்லை என்றார். நான் அடக்கமாகத் தலை குனிந்தேன்.

பிறகு தன்னை ஒன்றும் தெரியாத மாணவனாக நினைத்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கிற பாடத்தை நடத்தச் சொன்னார். ஆரம்பித்தேன். குச்சியை லேசாகப் பிடியுங்கள், கரண்டியைக் கவனியுங்கள். கரண்டியா என்று கேட்டார். வியர்த்துவிட்டது. உயரத்தைப் பாருங்கள், காற்றைப் பாருங்கள், கொஞ்சமாக ஆட்டுங்கள் என்று மளமளவென்று கொட்டினேன். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்றார். திருதிருவென்று விழித்தேன். இவர் என் வீட்டுப் பக்கம் வந்துவிட்டுப் போனாரோ என்றுகூடச் சந்தேகம் வந்தது.

தாளின் அடியில் இருந்த கட்டத்தில் விரலை வைத்தார். தயாரித்தவர் பெயர் என்று அச்சடித்திருந்த இடம். இருபத்தேழு தாளிலும் முத்து முத்தான எழுத்தில் என் மனைவியின் பெயர் இருந்தது.

"இவங்க யாரு?"

"என் மனைவி சார்."

"அவங்களும் விமானியா?"

"கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாங்க சார்."

அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. பறப்பதில் குறையே இல்லை, கற்றுக்கொடுப்பதில் தேறவில்லை என்று எழுதினார். இடத்தை ஒரு மாதம் எனக்காகக் காலியாக வைத்திருப்பதாகவும் சொன்னார். அதற்கு ஒரு நிபந்தனை. இந்தத் தாள்களைத் தயாரித்தவரிடம் பத்து மணி நேரம் பயிற்சி எடுத்து, அவர் கையெழுத்தோடு வரவேண்டும்.

வீடு வருகிற வழியெல்லாம் அழுகை அழுகையாக வந்தது. பழைய வேலையும் இல்லை, புது வேலையும் இல்லை. கதவைத் திறந்தவளிடம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கடிதம் கொடுத்ததை, விடுமுறை என்று புளுகியதை, தேர்வில் மூக்குடைபட்டதை, அந்தப் பத்து மணி நேர நிபந்தனையை. அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நீங்க கடிதம் கொடுத்த அன்னிக்கே கம்பெனியில இருந்து போன் வந்துச்சு. சீருடையை எப்பத் திருப்பித் தருவீங்கன்னு கேட்டாங்க."

தம்ளரைக் கீழே வைத்தேன். தெரிந்திருந்தும் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன்.

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருபத்தெட்டு நாளா பாத்துக்கிட்டே இருந்தேன். தினமும் வீட்டுக்கு வரப்போறேன்னு சொன்னா நான் சந்தோஷப்படமாட்டேனா? எனக்கு வருத்தமா இருந்துச்சுங்க."

பேச்சை மாற்றுவதற்காக, தாளில் எதற்கு உன் பெயரை எழுதினாய், அதனால்தானே மாட்டிக்கொண்டேன் என்று பாய்ந்தேன்.

"யாரு தயாரிச்சாங்கன்னு கேட்டிருந்துச்சு. எழுதினேன்."

சரி, நடந்தது நடந்துவிட்டது, சாப்பிட்டுவிட்டு அந்தப் பத்து மணி நேரத்தை இங்கேயே சோபாவில் ஆரம்பித்துவிடலாம் என்று குழைந்தேன். அதெல்லாம் முடியாது என்றாள். கையெழுத்து வேண்டுமென்றால் பள்ளிக்கு வர வேண்டுமாம். காலை ஆறு மணி வகுப்பாம். கூடப் படிக்கிற நாலு பேருக்கும் பதினெட்டு வயதாம். பின் சீட்டில் உட்கார்ந்து அவள் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று முதலில் வாயைத் திறக்காமல் பார்க்க வேண்டுமாம். புருஷன் என்பதற்காகச் சலுகை காட்டினால் பள்ளியின் பேர் கெட்டுவிடுமாம்.

நான் சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் பையிலிருந்து சேர்க்கைப் படிவத்தை எடுத்து மேஜையில் வைத்துவிட்டாள். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி, மற்றதையெல்லாம் அவளே நிரப்பி வைத்திருந்தாள். பேனாவைத் திறந்துகொண்டே படித்துப் பார்த்தேன்.

வண்டி ஓட்டுவதில் முன் அனுபவம் என்ற இடத்தில், அதே முத்து முத்தான எழுத்தில், 'இல்லை' என்று எழுதியிருந்தாள்.