இருபத்து நான்கு அவுன்ஸ் பிராந்தி

கோயமுத்தூர்,
1934 செப்டம்பர் 11, செவ்வாய்.

பவானியில் ஜமக்காள வியாபாரம் செய்யும் மச்சான் ஆறுச்சாமி அவர்களுக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் வெள்ளியங்கிரி மரியாதையுடன் எழுதுவது. இங்கே சுகம்; அங்கே தறியும் தாங்களும் சுகந்தானே?

டாக்டர் எழுதித் தந்த பிராந்தி இன்று காலை ஆறே முக்கால் மணிக்குப் பார்த்தபோது தீர்ந்திருந்தது. தகவல் தந்தவள் தங்கள் தங்கை கருப்பாத்தாள். நானும் புட்டியைக் கவிழ்த்து உறுதி செய்துகொண்டேன்.

காய்ச்சல் விட்ட பலவீனத்துக்கு அவளுக்கு வேளைக்கு ஓர் அவுன்ஸ், பாலில், காலையும் மாலையும் என்பது உத்தரவு. புட்டியில் இருபத்து நான்கு அவுன்ஸ். பன்னிரண்டு நாள் வரவேண்டியது, போன புதன்கிழமை திறந்து ஆறே நாளில் போய்விட்டது. அளவு கிளாஸ் உடைந்துபோனதால், பழைய இருமல் மருந்துப் புட்டியில் வேளைக்கு ஓர் அவுன்ஸ், அதற்கு ஒரு வெட்டு என்று கம்பவுண்டர் கத்தரித்து ஒட்டியிருந்த காகிதத்தை நானே நனைத்து உரித்து, பிராந்திப் புட்டியில் ஒட்டி, ஒவ்வொரு வேளையும் நானே ஒரு வெட்டு இறங்கும்படி ஊற்றிக் கொடுத்தேன், ஆகவே அவள் குடித்தது பன்னிரண்டு அவுன்ஸ், மீதிப் பன்னிரண்டு எங்கே என்றால், வீட்டில் இருப்பது மூன்று பேர், நான் தொடுவதில்லை, பாக்கி இருப்பது மில் ஆபீஸ் உத்தியோகத்துக்காக எங்களோடு தங்கியிருக்கும் தங்கள் மகன் திருமூர்த்திதான். நாலு நாளாகக் கிராம்பு மெல்கிறான். "ஏங்கண்ணு, கிராம்பு எதுக்கு?" என்றேன். "பல்லு வலிங்க மாமா." சனிக்கிழமை இடப்பக்கம் வலித்தது, ஞாயிறு வலப்பக்கம். கருப்பாத்தாளைக் கேட்டால், "சும்மா இருங்க, தங்கமான பையன்" என்று சிரிக்கிறாள். ஆறு நாளாக எதற்கும் சிரிக்கிறாள், என்னோடு ஒரு சண்டை இல்லை. அவளும் உடந்தையோ என்று சந்தேகம்.

வெள்ளிக்கிழமை சோமனூரில் அவனுக்கு நிச்சயதார்த்தம். பெண்ணின் தகப்பனார் பொங்கியண்ணன் கள்ளுக்கடை மறியலில் ஜெயிலுக்குப் போனவர். அவரிடம் மறைப்பது நியாயமில்லை என்று, காலைத் தபாலிலேயே அவருக்கும் எழுதிவிட்டேன். முப்பது வருஷமாகப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்புகிறேன். சரிபார்க்காமல் ஒரு வரி எழுதியதில்லை.

சங்கமேசுவரர் தங்கள் குடும்பத்தை ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
வெள்ளியங்கிரி

பின்குறிப்பு: மாலை நாலு மணிக்குக் காலிப் புட்டியைச் சாட்சியமாகக் கம்பவுண்டர் சிக்கந்தரிடம் கொண்டுபோனேன். "ஏனுங்க, இது இருமல் மருந்துக்கு நான் வெட்டுன காயிதமுங்க. அது ஒல்லிப் புட்டி. இந்தக் குண்டுப் புட்டியில ஒட்டுனா வெட்டுக்கு ரெண்டு அவுன்ஸ் எறங்குமுங்களே" என்றார். காகிதத்தில் மொத்தம் பன்னிரண்டு வெட்டு. புட்டியின் கழுத்திலிருந்து அடிவரை ஒட்டியவன் நான். பொதுக்கூட்டத்தில் தலை எண்ணிப் பழகியவன், அதை எண்ணவில்லை. திருமூர்த்திக்கு இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல் சொத்தை என்று டாக்டரே பார்த்துச் சொன்னார். "இன்னொரு புட்டி வாங்கோணுமுங்களா?" என்று கருப்பாத்தாள் கேட்கிறாள். மேலே எழுதியதைக் கிழிக்கப் போனேன். திருமூர்த்தி படித்துவிட்டு, "அப்பனும் படிக்கட்டுமுங்க மாமா" என்று தடுத்துவிட்டான். சோமனூர்த் தபால் மத்தியானமே ரயிலேறிவிட்டதாம். நாளைக் காலை முதல் வண்டியில் போய், அங்குள்ள தபாலாபீஸ் வாசலில் நிற்பேன். அந்தக் கடிதம் என் கைக்கு வருமா, பொங்கியண்ணன் கைக்குப் போகுமா என்பது பத்து மணிக்குத் தபால் பிரிக்கும்போது தெரியும்.