பெக்கோவைச் சிறை வைத்த கதை

வேலைக்கு ஆள் வருவானோ மாட்டானோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. வந்தவன் பாதியில் ஓடிவிடுவானோ என்று பயப்படுகிறவர்களும் உண்டு. நான் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பயந்து, அதற்கிடையில் அடுப்பை அணைத்தேனா என்றும் பயப்படுகிற ரகம். ஆனால் ஒன்றை இங்கேயே சொல்லிவைக்கிறேன். அன்றைக்கு நான் செய்தது சரிதான். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும்.

நாங்கள் கரைத்தீவுப் பக்கம், கடல் தண்ணீர் உள்ளே வந்து தேங்கும் களப்புக்குக் கிட்ட. ஒரே காணியை இரண்டாக்கி ஒரு பாதியில் என் கணவரின் அக்கா, எங்கள் பேச்சில் ராத்தா, அதாவது என் மதினி. மறு பாதியில் நானும் மூன்று பிள்ளைகளும். இவர் கட்டாரில் வேலை. எங்கள் வீட்டில் கக்கூஸ் இல்லை. ஏழு வருடமாக வாளியும் கையுமாக மதினி வீட்டுக்குத்தான் நடை. அந்த வருடம் மதினி திடீரென்று கக்கூஸ் கதவுக்குப் பூட்டுப் போட்டார். காலையில் ஒரு நேரம், மாலையில் ஒரு நேரம் திறப்பார். கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ரமழான் நோன்புக்கு இன்னும் ஒன்பது நாள். இந்த நோன்பில் யாருடைய கதவிலும் போய்த் தட்டுவதில்லை என்று முடிவெடுத்தேன். மேசன் வந்து அறையைக் கட்டிக் கதவும் போட்டாயிற்று. குழி மட்டும் பாக்கி.

அப்போதுதான் பழைய பயம் எழும்பியது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் குழியை அரைவாசி வெட்டிவிட்டு, "டீசல் அடிச்சிட்டு வாறன்" என்று மண் தோண்டும் மெஷினான பெக்கோவை ஓட்டிக்கொண்டு போனவர் மாரி மழை முடிந்தும் வரவில்லை. அந்தக் குழிக்குள் இரண்டு ஆடும் ஒரு சைக்கிளும் விழுந்தன. (சைக்கிளில் ஆளும் இருந்தார்.)

எனக்கு வந்த பெக்கோக்காரர் நஸ்லிம். சொந்தமாக ஒரு குட்டிப் பெக்கோ வைத்திருந்தார். வீட்டுச் சுவருக்கும் மதினியின் மதிலுக்கும் நடுவில் இருக்கும் குறுகலான ஒழுங்கையால்தான் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வளவுக்குப் போக வேண்டும். நான் கயிற்றால் ஏழு தரம் அளந்து பார்த்திருந்தேன். உரசாமல் உள்ளே வந்துவிட்டது. பின் வளவில் வெட்டிய தென்னைகளின் அடிக்கட்டைகளான இரண்டு தென்னங்குத்திகளைத் தோண்டிப் பள்ளத்தையும் நிரப்ப வேண்டும். கிணறு பின்னால் இருப்பதால் கக்கூஸ் குழியை முன்பக்கம், ஒழுங்கை வாயிலில் வெட்ட வேண்டும்.

"ராத்தா, முதல்ல பின்னால வேலய முடிச்சிட்டு வெளிய போறன். பொறகு ரோட்டுப் பக்கம் நிண்டு குழிய வெட்டுறன்" என்றார் நஸ்லிம்.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. "ஓம் ஹாஜியார், சிலாபத்துக்குத்தானே? பின்னேரம் வந்திருவன்" என்றார்.

பின்னேரமா!

"தம்பி, முதல்ல குழி. உள்ளுக்கு நிண்டே வெட்டுங்க."

"அப்ப நான் எப்படி வெளிய போற?"

"என்னத்துக்குப் போகணும்?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் விளக்கினேன்: குழியை வெட்டி, கொங்கிரீட் வளையங்களை இறக்கி, சுற்றி மண் நிரப்பி, மூடியும் போட்டால் பக்கத்தால் போகலாம். அதுவரைக்கும் அவர் என் வளவில்தான். வேலை முடியாமல் வழி கிடையாது. (இந்த யோசனையை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தரமாட்டார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். உள்ளே போவதை எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்திருந்தேன். வெளியே வருவது ஒன்பதாம் வகுப்பில் இருந்திருக்க வேண்டும்.)

"உங்கட இஷ்டம் ராத்தா" என்று வெட்டத் தொடங்கினார்.

நாலடி போனது. ஐந்தடியில் தண்ணீர் வந்தது. களப்புக் கரை மணல், தண்ணீரைக் கண்டதும் சீனி மாதிரிக் கரைந்தது. இந்தப் பக்கம் ஒரு கட்டி, அந்தப் பக்கம் ஒரு கட்டி என்று விழுந்து, மதிய லுஹர் தொழுகை முடிவதற்குள் ஒழுங்கை முழுவதும் குளமாகிவிட்டது. அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தேன். வளையங்கள் எல்லாம் ரோட்டோரம். அவற்றைத் தூக்க வேண்டிய பெக்கோ பின் வளவில். நடுவில் குளம்.

நஸ்லிம் இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். போன் அடித்தது.

"இண்டைக்கு வரேலாது ஹாஜியார்... இல்ல, பழுது இல்ல... என்னப் பிடிச்சி வெச்சிரிக்காங்க... பொலிஸ் இல்ல, ஒரு ராத்தா."

கட்டாரில் இருக்கும் இவருக்கு வீடியோவில் காட்டினேன். குளத்தையும் பெக்கோவையும் மாறி மாறிக் காட்டச் சொன்னார். பிறகு, "பரீதா, அந்தப் பெக்கோவுக்கும் பேர் வெச்சிட்டியா? ஊட்டோட வளக்கத்தானே போற?" என்றார்.

"குழி வெட்டினதா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க!" என்று போனை வைத்தேன்.

நஸ்லிம் எங்கள் வீட்டுக்குள் புகுந்து, முன் கதவால் தன் வீட்டுக்கு நடந்து போனார். வெளியேற வழியே இல்லாத அந்தப் பெக்கோவை யாராவது திருடிவிடுவார்களோ என்று நான் அன்றிரவு தூங்கவில்லை.

காலையில் நஸ்லிம் திரும்பி வந்து, இருவரும் குளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே மதினியின் மதில், தூக்கம் வந்த ஆள் மாதிரி மெதுவாகச் சாய்ந்து விழுந்தது. குளத்தோரம் மட்டுமல்ல, பின்னால் பதினைந்தடி வரைக்கும்.

தூசி அடங்க, அந்தப் பக்கம் மதினி. கையில் ஒரு தென்னோலை. அவர் வீட்டுக் கக்கூஸுக்குப் பக்கத்தில் தரை பொங்கிக் கிடந்தது. அதன்மேல் பலகை, பலகைமேல் ஓலை. மறைக்கத்தான் இன்னொரு ஓலை கொண்டுவந்திருக்கிறார்.

மதினி ஓலையைக் கீழே போட்டார்.

"பூட்டினது ஒனக்கு இல்ல பரீதா. குழி நிரம்பிட்டு" என்றார் மதினி. "தம்பிட பொண்டாட்டியையும் புள்ளைகளையும் வராதேங்க எண்டு சொல்ல எனக்கு வாய் வரல்ல. அதான் நேரம் வெச்சித் திறந்தன்."

"அப்ப மத்த நேரம் நீங்க?"

"நாலு வீடு தள்ளிப் போறன். வாளியோட."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நான் தலைகுனியவில்லை. "நான் குழி வெட்டாட்டி இது தெரிஞ்சிருக்குமா மதினி?" என்று கேட்டேன்.

"என்ட மதில விழுத்திட்டுக் கேக்கிற கேள்வியப் பாரு!" என்றவர், பெக்கோவை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, மதில் விழுந்த இடத்தால என்ட வளவுக்குள்ள வந்து ரோட்டுக்குப் போகலாம். ஆனா எனக்கும் ஒரு குழி வெட்டிட்டுத்தான் போகணும்."

நஸ்லிம் வானத்தைப் பார்த்தார். போனை எடுத்து அணைத்தார்.

பின்னால் தென்னங்குத்திகளையும் தோண்டி முடித்துவிட்டு, பெக்கோ மதினியின் கோழிக்கூட்டை மட்டும் மிதித்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தது. மோட்டர் வைத்துத் தண்ணீரை இறைத்து, ஐந்தடியோடு நிறுத்தி, வளையங்களை இறக்கினார். மேலே இரண்டடி உயர்த்தினோம். பிறகு மதினிக்கும் ஒன்று. நோன்புக்கு இரண்டு நாள் முந்தி என் வீட்டுக் கதவை நானே திறந்து, நானே பூட்டினேன். அரைவாசிக் குழியோடு யாரும் ஓடவில்லை. அதைத்தான் நான் சொன்னேன்.

மதிலை நாங்கள் திரும்பக் கட்டவில்லை. இரண்டு வளவுக் கோழிகளுக்கும் இப்போது ஒரே கூடு. நஸ்லிம் எங்கள் தெருவுக்கு வேலைக்கு வந்தால் பெக்கோவின் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் இறங்குவாராம். விருந்துக்கு வந்த யாராவது சாப்பிட்டதும் போக எழும்பினால் மதினி சொல்லுவார்: "பரீதாவக் கூப்பிடுங்க, வாசல்ல குழிய வெட்டட்டும்."

போன முறை இவர் லீவு முடிந்து சூட்கேசைக் கட்டும்போது எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். என் சின்ன மகள்தான் வாய் திறந்தாள்.

"உம்மா, வாப்பா போகப் போறார். நஸ்லிம் மாமாக்கு போன் எடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கயிற்றை எடுத்து வாசலை அளந்தேன்.