வழி விடுகிற ஸ்டீயரிங்

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் நலமாயிருக்க வேண்டுமென்று கடவுளிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். எங்கள் நலத்தைப் படித்து முடித்தபின் நீயே முடிவு செய்துகொள்.

உன் அத்தானுக்குப் பார்வை மங்கிவிட்டதென்று லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள் அல்லவா, அன்றிலிருந்து மனுஷர் நாற்காலியைக்கூடப் பின்னால் திரும்பிப் பார்த்துத்தான் நகர்த்தினார். பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை. திடீரென்று ஒருநாள், வீடியோ கேம் அரங்குகளில் காசு போட்டுத் திரையைப் பார்த்து ஓட்டுவார்களே, அந்த மாதிரி வண்டி ஒன்றை வீட்டிலேயே செய்கிறேன் என்று எழுந்தார். பேசுகிறாரே என்ற சந்தோஷத்தில் நானும் தலையாட்டினேன், என் துணி அலமாரிதான் பலகையாகப் போகிறதென்று தெரியாமல். இப்போது என் புடவைகள் அட்டைப்பெட்டியில். வீட்டுக் கணக்கில் இந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவதென்று புரியாமல் ‘அலமாரி தேய்மானம்’ என்று போட்டிருக்கிறேன். ஆனால் வேலை சுத்தம், அதைச் சொல்லத்தான் வேண்டும். பழைய கார் சீட், காலுக்கு மிதி, மூக்கு இடிக்கிற தூரத்தில் டிவி. கைக்கு நேரே மேசை இழுப்பறை போல ஒரு பொந்து. பைக் கைப்பிடி பொருத்திய பலகையைச் செருகினால் பைக், அதை உருவிவிட்டு விமானம் ஓட்டுகிற குச்சி வைத்த பலகையைச் செருகினால் விமானம், ஸ்டீயரிங் பலகை என்றால் கார். ஹாரன் மட்டும் எதிலும் கிடையாது, நான்தான் வேண்டாமென்றேன்.

பைக்கும் விமானமும் சொன்னபடி கேட்டன. கார்தான் வம்பு. ஸ்டீயரிங்கைப் பழைய இரும்புக் கடையில் வாங்கி வந்தார். டிவியில் நடப்பதோ பந்தயம், நம் வண்டியோ இடது ஓரமாக ஒதுங்கி எல்லாருக்கும் வழி விடுகிறது. “ஏங்க, நீங்களா ஒதுங்கறீங்க?” என்றேன். “நான் எங்கடி ஒதுங்கறேன்? இழுத்துப் பிடிச்சு கையே வலிக்குது. உங்க வீட்டு ஆளுங்க மாதிரி, சொன்னா கேக்க மாட்டேங்குது” என்றார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, “அக்கா, இதுல தானாத் திரும்ப மோட்டாரே இல்ல. கேபிளையும் கழட்டிட்டேன், இப்ப பாருங்க” என்றார். பார்த்தோம். ஸ்டீயரிங் மெல்ல இடப்பக்கம் திரும்பி, யாருக்கோ வழி விட்டு, மறுபடி நேரானது. அவர் விட்டுப்போன ஸ்குரூடிரைவர் இன்னும் இங்கேதான் கிடக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னால், “வேற வாங்கிட்டேங்க்கா” என்கிறார்.

மறுநாள் தூசி தட்டும்போதுதான் கவனித்தேன், விரிசல் விட்ட இடத்தில் நீல வயர் சுற்றியிருக்கிறது. அப்பா தன் கையால் சுற்றியது. அப்பா போனபிறகு நீ இரும்புக் கடையில் போட்ட அவருடைய டாக்சி ஸ்டீயரிங்தான் தம்பி இது. நாய்க்குக்கூட நின்று வழி விட்டவர் அல்லவா அவர். உனக்கு இதில்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். நான் கேட்டபோது, “உனக்கெதுக்கும்மா இதெல்லாம்? பின்னாடி உக்காந்து சாமிய வேண்டிக்கிட்டு வா” என்றார். அப்படியே வேண்டிக்கொண்டு வந்தேன். நான் கிளம்பத் தாமதமானால் வாசலில் இரண்டு முறை மெதுவாக ஹாரன் அடிப்பார், அவ்வளவுதான் எனக்கும் அந்த வண்டிக்கும் பேச்சு. இன்றுவரை அந்த ஸ்டீயரிங்கைக் கையால் தொட்டதில்லை, துணியால்தான் துடைக்கிறேன். இப்போது நான் ஜெபிக்க உட்கார்ந்தால் பக்கத்து அறையில் அது திரும்புகிற சத்தம் கேட்கிறது. உன் அத்தானோ, “ஞாயித்துக்கிழமை அறுத்துப் போட்டுடறேன்” என்கிறார். அப்பாவை அறுக்க எப்படி விடுவது, வீட்டில்தான் எப்படி வைத்துக்கொள்வது? ஞாயிறுக்குள் நீ வந்து கழற்றி எடுத்துப் போ. கற்றுக்கொண்டவன் நீதானே.

உன் குழந்தைகளுக்குக் கடவுள் துணையிருக்கட்டும். எல்லாரும் சாலையில் பார்த்துப் போங்கள்.

இப்படிக்கு,
அலமாரி இல்லாத அக்கா

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். அத்தான் ரம்பம் வாங்கக் கடைக்குப் போன நேரம், விடைகொடுப்போமே என்று அந்தச் சீட்டில் உட்கார்ந்தேன். கழற்றிய கேபிளை மாட்டி, டிவியில் பந்தயத்தைப் போட்டு, வழக்கம்போல வேண்டிக்கொண்டு, ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. வண்டி ஒரு இடத்தில்கூட ஒதுங்கவில்லை தம்பி, யாருக்கும் வழி விடவில்லை. நான்தான் முதலாவது. நீ வர வேண்டாம். அத்தானுக்கு பைக் கைப்பிடி போதும், ரம்பத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். இதற்குமேல் எழுத நேரமில்லை, உள்ளேயிருந்து இரண்டாவது முறையும் ஹாரன் அடித்துவிட்டது.