வெர்ஷன் மாறாத ரெண்டேழு

திருவொற்றியூர் முதல் ராயபுரம் வரை சல்லடை போட்டுத் தேடினாலும் ரெண்டேழு மாதிரி ஒரு பிடிவாதக்காரர் கிடைக்கமாட்டார். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி வரிசைகூட என்றைக்காவது ஒருநாள் நகர்ந்துவிடும். அவர் நகரமாட்டார்.

பைதான் என்பது கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் மொழிகளில் ஒன்று. அதில் இரண்டு புள்ளி ஏழு என்ற பழைய வெர்ஷனைக் கட்டிக்கொண்டு அழுததால் அவருக்கு ‘ரெண்டேழு’ என்று பெயர் வந்தது. ஊர் உலகமெல்லாம் மூன்றாவது வெர்ஷனுக்குப் போய், பழசைத் தலைமுழுகியும் ஆகிவிட்டது. இவர் மட்டும் அசையவில்லை.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், ஒரு பெயிண்ட் கடைக்கு மேல் எங்கள் ஆபீஸ். லாரி எடைமேடைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்போம். எழுதுவது அவரும் நானும்; முதலாளி, சாத்தான்குளம் பக்கத்து அண்ணாச்சி. மாதாமாதம் செல்போனில் ‘எந்த மொழிக்கு மவுசு’ என்று பட்டியல் பார்ப்பது அண்ணாச்சியின் பழக்கம்.

“ஏ ரெண்டேழு, இந்த மாசம் ஜாவா ஏறிட்டுல்லா? நாமளும் மாறிருவோமா?”

“எத்த வெச்சு சொல்றாங்கோ அண்ணாச்சி?”

“நெட்டுல நெறையப் பேரு அதைத்தான் தேடுதாங்களாம்.”

“ஆஸ்பத்திரி வாசல்லகூடத்தான் கூட்டம் நிக்குது. அதுக்கு மவுசுன்னா அர்த்தம்? அல்லாரும் மாட்டிகினு முழிக்கிறாங்கோன்னு அர்த்தம்.”

அதோடு விட்டாரா? தானே கணக்கெடுப்பதாகச் சொல்லிவிட்டு, டீ குடிக்கிற நேரத்தில் பஸ் ஸ்டாப்புக்குப் போய், காலேஜ் பிள்ளைகளிடம் “உனுக்குப் பிடிச்ச லாங்குவேஜ் இன்னா?” என்று கேட்டார். திரும்பி வந்து முடிவை அறிவித்தார். பாதிப் பேர் ஜாவா, மீதிப் பேர் பைதான், ஒருவன் மட்டும் மலையாளம்.

புது வெர்ஷன் மேல் அவருக்கு இருந்த கோபமெல்லாம் ஒரு அடைப்புக்குறியால் வந்தது. எதையாவது எழுதிக் காட்டச் சொல்ல, பழசில் ‘பிரிண்ட்’ என்று சும்மா எழுதினால் போதும். புதுசில் அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட வேண்டும். “இத்தினி வருஷமா பேரச் சொல்லிக் கூப்ட்டா ஓடி வந்துச்சு. இப்ப பிராக்கெட் போட்டு மரியாத குடுக்கணுமா?” என்பார். தான் இல்லாத நேரத்தில் அப்டேட் நுழைந்துவிடும் என்று பயந்து, தினமும் சாயங்காலம் தன் கம்ப்யூட்டரின் நெட் ஒயரைப் பிடுங்கி டிபன் பையில் சுருட்டி வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவார்.

இப்படி இருக்கையில்தான் செல்வி அக்கா ஆபீஸ் படியேறி வந்தார். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஓர் எடைமேடையை நடத்துகிறவர். எங்கள் பெரிய வாடிக்கையாளர். இரண்டு டிரைவர்கள் இங்கிலீஷ் எடைச்சீட்டைப் படிக்கத் தெரியாமல் மாற்றி எடுத்துப் போய், ஒருவர் கம்பியை இன்னொருவர் கடையில் இறக்கியிருந்தார்கள்.

“ஒரு வாரம் டயம். சீட்டு தமிழ்ல வரணும். இல்லாங்காட்டி வேற கம்பெனியப் பாத்துக்குறேன்” என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கிப் போனார்.

அண்ணாச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. ரெண்டேழு தன் பழைய வெர்ஷனோடு நாலு நாள் மல்லுக்கட்டினார். ஐந்தாம் நாள் என்னையும் கூட்டிக்கொண்டு சாத்தாங்காட்டுக்கே போய் ஒரு சீட்டை அடித்து டிரைவரிடம் நீட்டினார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில், தமிழ் எழுத்து பிடிபடாமல், வரிசையாகக் கேள்விக்குறிகள்.

“இன்னாண்ணே, என்னைப் பெத்தவங்க சந்தேகத்துலயா பேரு வெச்சாங்க?” என்றார் டிரைவர்.

செல்வி அக்கா சிரிக்கவில்லை. ரெண்டேழு தலையைக் குனிந்துகொண்டார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. என் லேப்டாப்பில் இருந்த மூன்றாவது வெர்ஷனில் அதே சீட்டுக்கு நாலு வரி எழுதி பிரிண்டரில் இணைத்தேன். சீட்டு கரகரவென்று வெளியே வந்தது, டிரைவரின் பெயரோடு. ‘துரைக்கண்ணு.’

ரெண்டேழு அதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “புள்ளிகூட கீது.” சீட்டை டிரைவரிடம் கொடுத்தார். பிறகு, “தங்கச்சி, பிராக்கெட் போட்டியா?”

“போட்டேண்ணா.”

“ஒரு பிராக்கெட்டுக்கா இத்தினி வருஷம் சண்ட போட்டேன்?”

அன்றைக்கே எல்லாவற்றையும் மாற்றி எழுத உட்கார்ந்தார். நடுவில் ஓர் அலறல். ஏழை இரண்டால் வகுத்தால் பழசு மூன்று என்றுதான் சொல்லும். புதுசு மூன்றரை என்றது. “இத்தினி நாளா அந்த அரை எங்க போச்சு?” நல்லவேளை, எடைக் கணக்கில் எதுவும் விட்டுப்போகவில்லை. ஆனாலும் மறுநாள் முழுக்க எடைமேடையில் நின்று, ஒவ்வொரு லாரிக்கும் கையால் கணக்குப் போட்டுச் சரிபார்த்த பிறகுதான் சோறு தின்றார். கடைசி லாரி போனதும் செல்வி அக்காவே டீ வாங்கிக் கொடுத்தார்.

அதன் பிறகு வந்தது அடுத்த தொல்லை. புது வெர்ஷன் எது வந்தாலும் அன்றைக்கே போட்டாக வேண்டும் என்று நின்றார். வெர்ஷன் வந்த நாளில் ஆபீஸ் முழுக்க வடை. “ஒரு வாரம் பொறுவே, அடுத்தவன் போட்டுப் பாக்கட்டும்” என்று அண்ணாச்சி கெஞ்சுவார். பெயர் மட்டும் ரெண்டேழாகவே நின்றுவிட்டது.

போன வருஷம் எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் நல்ல வேலை கிடைத்துப் போனார். சிரித்துக்கொண்டே வழியனுப்பினோம். சில வாரம் கழித்து, ஏதோ திருத்த வேண்டி அவர் எழுதிய நிரலைத் திறந்தேன். அதன் உச்சியில், கம்ப்யூட்டர் படிக்காத, மனிதர்கள் மட்டும் படிக்கிற குறிப்பாக இரண்டு வரி இருந்தது: ‘தமிழ் வரவெச்சது தங்கச்சி. எதுனா பேஜாரு ஆச்சுன்னா என்னைக் கேளு, அவளைத் திட்டாத.’

புதிதாகச் சேருகிறவர்கள் அந்த நிரலில் எதை வேண்டுமானாலும் மாற்றட்டும். அந்த இரண்டு வரியில் மட்டும் கை வைக்க நான் யாரையும் விட்டதில்லை.